தாலிக்குப் பிந்திய மேளம்

எங்கள் வீட்டுக் கலியாண வீடியோவைத் திருப்பித் திருப்பிச் சமைத்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இப்போது எனக்கும் சிரிப்பாகத்தான் இருக்கிறது. அந்தக் கிழமைகளில் எங்கள் ஒருவருக்கும் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள். என் கதையை நிமிர்த்திப் புத்தகத் தமிழாக்கிப் போடுகிறாள். ஆட்கள் வாயால் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே விடு என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் எல்லோரும் செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கும்.

கலியாணம் என் மகளின் மகளுக்கு. தெல்லிப்பழையில் எங்கள் வளவிலேயே பந்தல் போட்டுச் செய்தோம். மாப்பிள்ளை கனடாவில் இருக்கிற பிள்ளை. லீவில் வந்தார், தாலி கட்டினார், லீவு முடிய அழுதுகொண்டு போனார். அழுதது அவர்தான். பேத்தி அவரை அனுப்பிவிட்டு வான் வண்டியில் வீட்டுக்கு வருகிற வழி முழுக்க நித்திரை. அவளைத் தன்னிடம் கூப்பிடுவதற்கு அவர் அங்கே விண்ணப்பம் போட்டார். அதற்குப் பிறகு ஒன்றும் அசையவில்லை. கோயிலுக்குப் போனால் பெண்கள் சாமியைப் பார்க்க முன்னம் என் பேத்தியைத்தான் பார்ப்பார்கள்.

“என்ன பிள்ளை, இன்னும் இஞ்சைதான் நிக்கிறீரோ?”

“இல்லை மாமி, போயிட்டன். இது என்ரை நிழல்,” என்பாள் பேத்தி.

அப்படி வாய் காட்டுகிறவள், வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் கதிரையில் இருந்துவிடுவாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி முருங்கைக்கீரை ஆய்வேன்.

ஒருநாள் அங்கத்தைய குடிவரவு அலுவலகத்தில் இருந்து பதில் வந்தது. மகள்தான் வாசித்துச் சொன்னாள். நாங்கள் அனுப்பிய கலியாண வீடியோவைப் பார்த்தார்களாம். அதில் பாட்டும் அலங்காரமும்தான் இருக்கிறது, சடங்கு நடந்ததும் இரண்டு பேரும் சம்மதம் சொன்னதும் அதன் உண்மைச் சத்தத்தோடு, வெட்டுக்கொத்து இல்லாமல், கீழே ஆங்கில மொழிபெயர்ப்போடு வேண்டுமாம். எம்பி போர் என்கிற வீடியோ வகையில், இவ்வளவு பருமனுக்கு மேல் போகக் கூடாதாம். அடுத்த மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் இருக்கிறதை வைத்து முடிவு எடுப்பார்களாம்.

இருக்கிறதை வைத்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். இருந்தது அப்படிப்பட்ட வீடியோ. பேத்தியும் மாப்பிள்ளையும் ஒரு தாமரைப் பூவுக்குள் இருந்து எழும்பி வருவார்கள். பிறகு கீரிமலைக் கடலுக்கு மேல் நடப்பார்கள், கால் நனையாது. பிறகு பனி மலை. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறபோது அந்தக் கை மெல்ல மெல்லப் போய், தாலி கட்டுகிற இடத்தில் நிலா வந்து நிற்கும். நான் வருகிற இடத்தில் என் தலையைச் சுற்றிச் சிவப்பு இதயங்கள் பறக்கும். எனக்கு அது நல்ல விருப்பம். வருகிற சொந்தக்காரருக்கெல்லாம் அந்த இடத்தைப் போட்டுக் காட்டச் சொல்வேன். ஆனால் நானே ஒரு அலுவலகத்தில் இருந்து அதைப் பார்த்திருந்தால், இவர்கள் சினிமாக்காரர் என்றுதான் நினைத்திருப்பேன்.

வெட்டாத பழைய துண்டுகளைக் கேட்டு மானிப்பாயில் இருக்கிற கமராக்காரரிடம் பஸ் ஏறிப் போனோம், நானும் பேத்தியும். நான் ஏன் போனேன் என்றால், கலியாணத்தன்று அவருக்கு இரண்டாம் தரம் பாயசம் வைத்தது நான். அந்த முகத்தாட்சண்யம் இருக்கும் என்று ஒரு எண்ணம்.

“கலியாணப் பதிவு எழுதின இடம் கிடக்கு ஆச்சி,” என்றார் அவர். “தாலி கட்டின இடத்தை அழிச்சுப்போட்டன். எனக்கு டிஸ்கிலை இடம் காணாது. அதுதான் வடிவாச் செய்து தந்தனானே.”

“வடிவாத்தான் செய்தனீங்கள் தம்பி,” என்றேன். “தாலியிருந்த இடத்திலை நிலாவை வைச்சிட்டியள்.”

அவர் பேத்தியின் பக்கம் திரும்பினார். “ஆர் வெட்டப்போறது? உம்மட்டை என்ன கொம்பியூட்டர்?”

“லினக்ஸ் அண்ணை.”

“உந்த லினக்ஸை வைச்சுக்கொண்டு வீடியோ வெட்டப் போறீரோ? பேசாமல் என்னட்டைத் தாரும். கலியாண சீசன் முடியச் செய்து தாறன்.”

சீசன் முடிய எங்கள் தவணையும் முடிந்துவிடும். பேத்தி மிச்சத் துண்டுகள் இருந்த பென்ட்ரைவை வாங்கிக்கொண்டு எழும்பிவிட்டாள்.

அந்த லப்டொப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கம்பசுக்குப் போய்ப் பட்டம் படித்த காலத்தில் வாங்கியது. வயது போய், திறந்தால் ஒரு குடம் தண்ணீர் அள்ளிவிட்டு வருகிற நேரம் எடுத்துக்கொண்டிருந்தது. அவளோடு படித்த ஒரு பிள்ளை வந்து, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு லப்டொப் இளந்தாரி மாதிரி ஓடியது. மூடியில் ஒரு பறவையின் படமும் ஒட்டிக்கொடுத்திருந்தது. நான் அதை வெள்ளை வயிற்றுக் காகம் என்றுதான் நெடுகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பென்குவினாம். பறக்காதாம். பறக்காத பறவையை ஏன் ஒட்டுகிறார்கள் என்று கேட்டேன். நீந்துமாம்.

தாலி கட்டின இடம் மகளின் போனில் இருந்தது. அவள் ஒரு கையால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தது. கொஞ்சம் ஆடும், ஆனால் எல்லாம் இருக்கிறது. அதை லப்டொப்பில் போட்டு அழுத்தினால் மேளம் கேட்கிறது, நாதஸ்வரம் கேட்கிறது, ஆட்களைக் காணவில்லை. திரை கறுப்பு. மகள் நெஞ்சில் கை வைத்துவிட்டாள்.

“அழிஞ்சு போச்சோ பிள்ளை?”

“இல்லை அம்மா, படம் உள்ளுக்கைதான் கிடக்கு. திறக்கிற சாமான் இல்லை.”

எனக்கு விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்திருக்கும். பேத்தி குசினிக்குள் போய், தன் தாய் சோறு கொண்டுபோகிற அடுக்குக் கரியரைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அம்மம்மா, இது ஒரு வீடியோ எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எம்பி போர் எண்டிறது இந்தக் கரியரின்ரை பேர் மட்டும்தான். உள்ளுக்கை ஒரு தட்டிலை படம், மற்றத் தட்டிலை சத்தம், மேல்தட்டிலை எழுத்து. வெளியிலை ஒரே கரியர் எண்டாலும், உள்ளுக்கை என்ன கறி எண்டது வேறை. பூட்டுக்குத் திறப்புப் போலை, படம் இருக்கிற தட்டுக்கும் ஒரு திறப்பு வேணும். அதுக்குப் பேர் கொடெக். போனிலை அந்தத் திறப்பு இருக்கு, இதிலை இல்லை.”

“அப்ப திறப்பை வாங்கன்.”

“காசில்லாமலே தருவினம்.”

அவள் ஏதோ எழுதினாள், கொஞ்ச நேரத்தில் கறுப்புப் போய் மகளின் சம்பந்தியின் முதுகு தெரிந்தது. மகளின் போனுக்கு முன்னால் அந்த மனிசன் நின்றது எனக்கு அன்றைக்கே கோபம். ஆனால் அந்த முதுகைக் கண்டதில் அப்படியொரு ஆறுதல்.

இனி வெட்டுகிறதற்கு ஒரு சாமான் வேண்டும். லினக்சுக்கு அப்படிப் பல இருக்கிறதாம், எது நல்லது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்களாம். மாப்பிள்ளை கனடாவில் இருந்து போனில் சொன்னார், சினிமாக்காரர் பாவிக்கிற ஒன்று இருக்கிறது, அதைப் போடும் என்று. அதை இறக்க அரை நாள் போனது. திறந்தால் விமானம் ஓட்டுகிற இடம் மாதிரி அத்தனை பொத்தான். பேத்தி எங்கள் துண்டுகளை அதற்குள் போட்டாள். அது ஒன்றையும் தொடவில்லை. இலவசமாகக் கொடுக்கிற அந்தச் சாமான் லினக்சில் எங்கள் வகைப் படத்தைத் திறக்காதாம். வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தால் சாப்பிடுமாம். மாற்றிப் பார்த்தாள். ஒரு சின்னத் துண்டு ஊதி மாட்டு வண்டில் அளவுக்கு வந்து, லப்டொப்பில் இடமில்லை என்று அறிவித்தல் வந்தது.

“பெரிய இடத்துச் சம்பந்தம் எங்களுக்கு ஒத்துவராது,” என்றேன்.

இரண்டாவது எல்லாவற்றையும் திறந்தது. ஆனால் எழுத்தைப் போடப் போனால் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும். திறப்பாள், மூடும். கோபித்துக்கொண்டு போகிற மருமகள் மாதிரி. மூன்றாவது சாதாரணமாக இருந்தது. மேலே படம், கீழே நீட்டுக்குத் துண்டுகள், பக்கத்தில் கத்திரிக்கோல். பேத்தி எந்தச் சாமானை எடுத்தாலும் அதே ஒரு துண்டைத்தான் போட்டு, வெட்டி, எழுத்து வைத்து, வெளியே எடுத்துப் பார்த்தாள். சந்தையில் சட்டி வாங்குகிறபோது ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிற மாதிரி. மூன்றாவது நல்ல சட்டி. கணீர் என்றது.

“இதுதான்,” என்றாள். “இனி மாத்தமாட்டன். ஆர் என்ன சொன்னாலும்.”

“உமக்கு விருப்பமானதைச் செய்யும்,” என்றார் மாப்பிள்ளை போனில், கொஞ்சம் பயந்த குரலில்.

கமராக்காரரின் துண்டுகள் வேறு ஒரு கரியரில் இருந்தன. அதற்கு அவள் ஒரு கறுப்புச் சன்னலைத் திறந்து ஒரு வரி எழுதினாள். நான் தேத்தண்ணீர் போடப் போகமுன் முடிந்துவிட்டது. எப்படி இவ்வளவு கெதியில் என்று கேட்டேன். கறியைச் சமைக்கவில்லையாம், அதே கறியை வேறு கரியருக்கு மாற்றினதுதானாம். சுவை மாறாதாம். அது நல்ல விசயம் என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக் கறியும் அப்படித்தான், சூடாக்கச் சூடாக்க உதவாமல் போகும்.

எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளையும் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஐயர் தாலியை எடுத்துக் கொடுக்கிறார். மாப்பிள்ளை கையை உயர்த்துகிறார். கட்டுகிறார். முதல் முடிச்சு. எல்லோரும் அரிசி போடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் கெட்டி மேளம் வருகிறது.

“நிப்பாட்டு,” என்றேன்.

“என்ன அம்மம்மா?”

“மேளம் பிந்துது.”

“ஒரு கண்ணிமைதானே பிந்துது,” என்றார் மாப்பிள்ளை. “ஆர் அம்மம்மா அதைக் கவனிக்கப்போகினம்?”

“தம்பி, கட்டேக்கை ஆரும் தும்மினாலும் கேக்கக் கூடாதெண்டுதான் மேளம் அடிக்கிறது. நீங்கள் கட்டி முடிச்சாப் பிறகு மேளம் அடிச்சால் அது ஆருக்கு அடிக்கிறது? தவில்காரனுக்குக் கண் தெரியாதெண்டோ நினைக்கப்போகினம்? சத்தத்தைக் கொண்டுவந்து ஒட்டினதெண்டுதான் நினைப்பினம்.”

கடைசியாகச் சொன்னது பேத்திக்குச் சுட்டது. உண்மைச் சத்தம் வேண்டும் என்றுதானே எழுதியிருந்தார்கள். போனில் பார்த்தால் மேளம் சரியாக விழுகிறது. லப்டொப்பில் வெட்டுகிற சாமானுக்குள் போட்டால் பிந்துகிறது. பேத்தி அன்றும் அடுத்த நாளும் அதையே தேடிக்கொண்டிருந்தாள். பிறகு விசயத்தைக் கண்டுபிடித்து எனக்கு வந்து சொன்னாள். போன் ஒரே தாளத்தில் படம் பிடிக்காதாம். வெளிச்சத்தைப் பார்த்து ஒருக்கால் அடுக்கடுக்காக எடுக்கும், ஒருக்கால் ஆறுதலாக எடுக்கும். வெட்டுகிற சாமானோ எல்லாம் ஒரே தாளம் என்று நினைத்து அடுக்குகிறது. அதனால் போகப் போகப் படமும் சத்தமும் விலகிவிடுகிறது.

“அப்ப பிழை தவில்காரனிலை இல்லை,” என்றேன்.

“இல்லை. அம்மான்ரை போனிலை.”

“என்ரை போனிலை ஒண்டும் இல்லை,” என்றாள் மகள், அடுத்த அறையில் இருந்து.

இந்தத் தரம் கரியர் மாற்றினால் காணாது, தாளத்தை ஒழுங்குபடுத்தித் திருப்பிச் சமைக்க வேண்டும் என்றாள். கறுப்புச் சன்னலில் இன்னொரு வரி. லப்டொப் மூச்சு வாங்கிக்கொண்டு வேலை செய்தது. நான் பக்கத்தில் இருந்து விசிறியால் அதற்கு விசுக்கினேன். தேவையில்லை என்றாள், ஆனால் தடுக்கவும் இல்லை. முடிந்து போட்டுப் பார்த்தால், மாப்பிள்ளையின் விரல் முடிச்சைத் தொடுகிற அந்தக் கணத்தில் மேளம் விழுந்தது. அரிசி அதற்கு மேல் விழுந்தது. எனக்குத் திருப்பியும் ஒருக்கால் கலியாணம் பார்த்த மாதிரி இருந்தது.

மிச்சம் இருந்தது மொழிபெயர்ப்பு எழுத்து. முழுவதையும் கையால் எழுத நேரமில்லை, தவணை கிட்டிவிட்டது. கதைத்ததைக் கேட்டுத் தானே ஆங்கிலத்தில் எழுதுகிற ஒன்று இருக்கிறதாம். பேத்தி அதைக் கொண்டு எழுத்துப் போட்டு, பிழைகளைத் திருத்தினாள். மகள் வாசித்தாள். எல்லாம் சரி என்றாள். ஆங்கிலம் படித்த இரண்டு பேர் பார்த்த பிறகு நான் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் அனுப்ப முன்னம் எனக்கும் போட்டுக் காட்டினார்கள், நான் மேளத்தைக் கண்டுபிடித்த ஆள் என்று ஒரு மரியாதை.

பதிவு எழுதுகிற இடம். மாப்பிள்ளை “சம்மதம்” என்று சொல்லி முடிய, பதிவுகாரர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பேத்தியைக் கேட்கிறார், முழுச் சம்மதத்தோடுதான் இந்த விவாகத்துக்கு இணங்குகிறீரா என்று. பேத்தி குனிந்துகொண்டு மெல்லமாக “ஓம்” என்கிறாள். அப்போது பின்னால் இருந்து என் குரல் கேட்கிறது.

“பலமாச் சொல்லு பிள்ளை, அவருக்குக் கேக்கேல்லை.”

“ஓம் எண்டு சொன்னனான்தானே, அம்மம்மா.”

எல்லோரும் சிரிக்கிறார்கள். பதிவுகாரரும் சிரிக்கிறார். இந்த இடத்தை வெட்டவோ விடவோ என்று முதலே வீட்டில் ஒரு பிரச்சினை நடந்திருந்தது. கிழவி பெட்டையை வெருட்டிச் சம்மதம் வாங்கினாள் என்று நினைப்பார்கள் என்பது மகளின் பயம். வெட்டுக்கொத்து வேண்டாம் என்று எழுதியிருக்கிறார்கள், வெட்டினால்தான் சந்தேகம் வரும் என்று பேத்தி விட்டுவிட்டாள்.

எனக்குக் கீழே ஓடுகிற எழுத்தெல்லாம் எறும்பு போகிற மாதிரித்தான். பார்த்துக்கொண்டிருந்தேன். பேத்தி வாய் திறந்து சம்மதம் சொல்கிற நேரம், எறும்புகளைக் காணவில்லை. அந்த இடத்தில் எங்கள் பிள்ளையார் கோயில் வாசலில் லைட்டால் வளைத்து வைத்திருக்கிற குறி வந்து நின்றது. லொறிக்காரர் முன் கண்ணாடிக்கு மேலே எழுதுகிற அதே குறி. அந்த ஒன்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பெரிய சந்தோசம். பிள்ளை நல்ல காரியத்துக்கு அனுப்புகிறபடியால் சாமியை வைத்து அனுப்புகிறாள் என்று நினைத்து, இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டேன்.

“என்னத்துக்கு அம்மம்மா கும்பிடுறியள்?”

“நீதானே பிள்ளை சாமியைப் போட்டிருக்கிறாய்.”

“நான் எங்கை சாமியைப் போட்டனான்?”

“உதிலை நிக்கிறார். நீ சம்மதம் சொன்ன இடத்திலை.”

பேத்தி திருப்பிப் போட்டுப் பார்த்தாள். நிற்பாட்டினாள். பிறகு தாயைக் கூப்பிட்டாள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் ஓம் என்றால் சரி, சம்மதம், விளங்கிச்சு எல்லாம் அதுதான். அந்த எழுதுகிற சாமானுக்கு அது தெரியாது. பிள்ளை மந்திரம் சொல்கிறாள் என்று எடுத்து, மந்திரத்துக்குரிய குறியைப் போட்டுவிட்டது. அதைவிடப் பகிடி என்னவென்றால், மகளும் பேத்தியும் அதைப் பல தரம் வாசித்திருக்கிறார்கள். குறியைக் கண்டதும் அவர்களின் மனம் ஓம் என்று வாசித்திருக்கிறது. ஓம் என்றால் ஓம்தானே, இதில் என்ன பிழை என்று போயிருக்கிறார்கள்.

மகள் அந்த இடத்தை அங்கத்தைய ஆட்கள் வாசிக்கப்போகிற மாதிரி எங்களுக்கு வாசித்துக் காட்டினாள். சம்மதமா என்று பதிவுகாரர் கேட்கிறார். மணமகள் மந்திரம் சொல்கிறாள். பலமாகச் சொல் என்று கிழவி கேட்கிறாள். மந்திரம் சொல்லிவிட்டேனே பாட்டி என்கிறாள் மணமகள். எல்லோரும் சிரிக்கிறார்கள். சம்மதமா என்ற கேள்விக்கு மணமகளின் பதில் ஒரு இடத்திலும் இல்லை.

போனில் இருந்த மாப்பிள்ளைக்கு முதலில் சிரிப்பு வந்தது. “அப்ப நீர் என்னைக் கட்டச் சம்மதிக்கேல்லை? மந்திரமோ சொன்னனீர்?”

“சொன்னதுக்குப் பலன் இன்னும் கிடைக்கேல்லை,” என்றாள் பேத்தி. பிறகு அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் என்ற நினைப்புத்தான். மாப்பிள்ளையும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அந்த எழுத்து மேல்தட்டில் தனியாக இருந்தபடியால் படத்தையும் சத்தத்தையும் தொட வேண்டி வரவில்லை. தட்டைத் திறந்து, குறியை எடுத்துவிட்டு, யெஸ் என்று வைத்தாள். இரண்டு இடத்திலும். பிறகு முழுவதையும் கடைசித் தரம் ஒரே கரியரில் அடுக்கி, பருமன் சரியா என்று பார்த்து, அனுப்பினாள். அனுப்புகிற கோடு திரையில் ஊர்ந்து ஊர்ந்து போய் முட்டுகிறவரைக்கும் நாங்கள் மூன்று பேரும் லப்டொப்பைக் காவல் காத்தோம். முட்டினதும் நான் போய்ப் புட்டு அவித்தேன். அன்றைக்குத்தான் எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

பதில் வர நாள் எடுத்தது. இந்த இடைக்காலத்தில் கோயிலில் ஒரு பெண், “வீடியோவாலை பிரச்சினையாம்?” என்று கேட்டாள். எப்படித்தான் தெரியவருமோ. “பிரச்சினை இல்லை, மேளம் கொஞ்சம் பிந்திப்போச்சு, திருத்திட்டம்,” என்றேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.

ஒருநாள் காலமை நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போய்விட்டாள். பேத்தி உள்ளே இருந்து லப்டொப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தாள். முகம் ஒரு மாதிரி. வாயை ஆட்டுகிறாள், சத்தம் வரவில்லை. நான் மீனை விட்டுவிட்டு எழும்பினேன்.

“என்ன பிள்ளை? பதில் வந்திட்டுதோ? கிடைச்சுதோ இல்லையோ, அதைச் சொல்லு.”

கிணற்றுக்கட்டில் லப்டொப்பை வைத்தாள். தண்ணீர் பட்டுவிடும் என்று நான் கத்தப் பார்த்தேன். அவள் ஏதோ தட்டினாள். பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள்.

வெள்ளைத் திரை. நடுவில், முழுத் திரைக்கும் பெரிதாக, கோயில் வாசல் குறி.

நான் வாசித்தேன்.